நான் விழுங்கிய ஒரு வாக்கியம்

ஒரு தவறை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, ஊர் பேர் சொல்லாமல் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியிலிருந்த வடநாட்டு ஊரில், நண்பர் ஒருவர் தம் தாயாரை உளவியல் நிபுணரிடம் அழைத்துச் சென்றார். கணவர் காலமானபின் மகனோடு வந்து தங்கியவர் அந்த அக்கா. உறக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நிபுணருக்கோ தமிழ் தெரியாது. இந்தியில் எடுத்துச் சொல்ல நான் போனேன். மகனும் அருகிலேயே அமர்ந்தார்.

"இனி இருந்து என்ன ஆகப்போகுது தம்பி, போய்ச் சேர்ந்தாத் தேவலை" என்றார் அக்கா. "மிகவும் சோர்வாக இருக்கிறதாம்" என்றேன் நான். அந்நியர் முன் அந்தக் குடும்பத்தின் மானம் போய்விடுமே என்ற நினைப்பு!

நிபுணர் விடவில்லை. மகனை வெளியே காத்திருக்கச் சொன்னார். "அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். பிறகு அக்காவிடம், "இங்கே பேசுவது வெளியே போகாது. உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், காப்பாற்றத் தேவையான அளவு மகனிடம் சொல்வேன்" என்று முதலிலேயே தெரிவித்துவிட்டுத்தான் மேலே கேட்டார். அக்கா அன்றுதான் மனம்விட்டு அழுதார்.

அவர் செய்ததே சரி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு, இரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. அப்போதும் தேவையானதை மட்டுமே சொல்லலாம்.

ரயில்பாதைப் பிரிவில் காலம் கழித்தவன் நான். தண்டவாளத்தில் விரிசல் என்று கீமேன் சொன்னதை 'ஏதோ சத்தம்' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் அன்று செய்தேன்.

நம் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள்: மகனையோ மருமகளையோ சங்கத்து நண்பரையோ மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தமிழ் தெரிந்த நிபுணரைத் தொலைபேசியிலாவது தேடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். வேறு வழியின்றி நீங்களே போக நேர்ந்தால், கேட்டதை முழுதாகச் சொல்லுங்கள். வாசல் தாண்டியதும் மறந்துவிடுங்கள்.