தவணைக்கு வாங்கும் மகிழ்ச்சி



2009இல் போர் முடிந்து வெறுங்கையோடு மீளக்குடியமர்ந்த வன்னிக்கு லீசிங் நிறுவனங்களும் நுண்கடன்காரரும் வந்தனர். எல்லாம் இழந்த எமக்குப் பொருள்மீது ஆசை வருவது குற்றமல்ல. துணுக்காயில் நான் சந்திக்கும் சிலர், "பிள்ளை பக்கத்து வீட்டிலை போய் ரிவி பாக்குது" என்றே கடனுக்குக் கையொப்பமிட்டவர்கள். அந்த மகிழ்ச்சி சில வாரம்தான். கிழமைதோறும் தவணைக்காரர் படலையில் நிற்க, நித்திரை போகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்கு இச்சுமை பெருகியது.

வாங்குமுன் கேளுங்கள்: இது தேவைக்கா, அயலவர் கண்ணுக்கா? மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும்? உழைப்பு நின்றால் எப்படிக் கட்டுவது?

ஏற்கெனவே சிக்கியிருந்தால் தனியே அழவேண்டாம். பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.