சைலன்சரை மாற்றலாம், கன்வெர்ட்டரைத் தொடக் கூடாது!

கேள்வி: ‘தக்காளி ஏற்றும் டீசல் பிக்கப் வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்து எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால் இழுவையும் மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?’

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: துருப்பிடித்த சைலன்சரை மாற்றுவதில் தவறே இல்லை. கன்வெர்ட்டரை எடுப்பதுதான் தவறு.

புகைக்குழாய் ஒரே நீளமாகத் தெரிந்தாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. இன்ஜினில் இருந்து கன்வெர்ட்டர் வரை ஒரு பகுதி. அதற்குப் பின்னால் உள்ள சைலன்சரும் வால்குழாயும் இன்னொரு பகுதி. பின்பகுதியை மட்டும் கழற்றி, அதே விட்டமுள்ள குழாயும், அந்த மாடலுக்கு உரிய சைலன்சரும் போட்டுக்கொள்ளலாம். சில வண்டிகளில் கன்வெர்ட்டரும் சைலன்சரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அப்படியானால், கன்வெர்ட்டர் உள்ள முழு பாகத்தையே வாங்கிப் பொருத்த வேண்டும்.

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போலக் கண்ணறைகள் இருக்கும். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். நச்சான கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத டீசல் ஆவியையும் இவை கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன. 2020 ஏப்ரல் முதல் விற்பனையான பி.எஸ்-6 டீசல் வண்டிகளில், டி.பி.எஃப் எனப்படும் கரித்தூள் வடிகட்டியும் சேர்ந்திருக்கும். ‘கூலி வேண்டாம், பழைய பாகத்தை விட்டுட்டுப் போங்க’ என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும். உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் காயலான் கடையில் நல்ல விலை உண்டு.

மைலேஜ் கூடும் என்பதும் நம்பத்தக்கதல்ல. இன்றைய இன்ஜின்களைக் கட்டுப்படுத்துவது கம்ப்யூட்டர். புகைக்குழாயில் உள்ள சென்சார்கள் சொல்லும் கணக்கையும் அது கவனிக்கிறது. பாகத்தை எடுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். பல வண்டிகளில் இழுவையே குறைந்துவிடும். இழுவை குறைவு, கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ குழாய்களைப் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டர் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இவற்றில் உள்ள கோளாறின் விளைவுதான். கலப்பட டீசலும் தவறான இன்ஜின் ஆயிலும்கூட அதைக் கெடுக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். புகை அளவு மீறினால் 190-வது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. எஃப்.சி-க்குப் போகும்போதும் சிக்கல் வரும்.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

* வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரும் சென்சாரும் பழுதாகலாம்.

* சென்சார் வயர்களை வெட்டக் கூடாது. கன்வெர்ட்டரைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றினால், திரும்பவும் மாட்ட வேண்டும்.

* வேலை முடிந்ததும் இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசியும் புகை கேபினுக்குள் ஏறினால், ஓட்டுபவருக்கும் பக்கத்தில் உட்காரும் குடும்பத்தாருக்கும் தலைவலி, மயக்கம், உயிராபத்துகூட நேரலாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் கிடையாது.

* கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூடாகும். களத்திலும் சாலையிலும் காயப்போட்ட கொள்ளு, உளுந்துச் செடிகள்மீது வண்டியை ஓட்டினால், அடியில் சிக்கும் சருகு தீப்பிடிக்கும். வைக்கோல் போர் அருகேயும் நிறுத்தக் கூடாது.

* உரம், எரு ஏற்றி இறக்கிய பிறகு அடிப்பகுதியைக் கழுவினால் துரு குறையும். ஆனால், குழாய் ஆறிய பிறகுதான் தண்ணீர் அடிக்க வேண்டும்.

சில பி.எஸ்-6 வண்டிகளுக்கு டி.இ.எஃப் என்ற யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டியிருக்கும். இது 32.5 சதவிகித யூரியாவைத் தாது உப்புகள் நீக்கிய நீரில் கலந்தது. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றினால், அதில் உள்ள வேப்பெண்ணெய்ப் பூச்சும் கசடும் தெளிப்பு முனையை அடைத்துவிடும். மானிய யூரியாவை இப்படிப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

ஆகவே, ஓட்டை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் மாற்றச் சொல்வதே சரி. போட்ட பாகத்துக்கு ரசீது வாங்கி, கழற்றிய பாகத்தையும் கையோடு எடுத்து வருவது நல்லது.