சேமின்னு பட்டன் வெச்சா போதுமா?

அம்மா சமையல் குறிப்பு எழுதி வெச்சுக்கறதுக்கு ஒரு குட்டி வலைச்செயலி பண்ணிக் கொடுத்தேன். செர்வர் எல்லாம் எதுக்குன்னு மொத்தத்தையும் லோக்கல் ஸ்டோரேஜ்ல போட்டேன். எழுத ஒரு வரி, படிக்க ஒரு வரி, வேலை முடிஞ்சுது. அம்மாவும் ஒத்தை விரலால தட்டித் தட்டி 40 குறிப்பு ஏத்திட்டாங்க. ஒரு நாள் போன்ல இடமில்லைன்னு உலாவியோட தளத் தரவை எல்லாம் துடைச்சேன். ஆமாங்க, நானேதான்! 40-ம் காலி. "நீதானேடா சேமின்னு பட்டன் வெச்சே?"ன்னாங்க. என்னத்தைச் சொல்ல?

லோக்கல் ஸ்டோரேஜா, இண்டெக்ஸ்டு டிபியான்னு நம்மாளுங்க அடிச்சுக்கும்போது வேகம், கொள்ளளவு ரெண்டைத்தான் பேசறாங்க. என் கட்சி வேற. இது தொலைஞ்சா யாராவது அழுவாங்களா? அதை முதல்ல கேளுங்க மக்களே.

எழுத்து அளவு, இருட்டுத் தீம் மாதிரி சமாச்சாரமா? தாராளமா லோக்கல் ஸ்டோரேஜ். போனா ஒரு தட்டுல திரும்ப வெச்சுக்கலாம். ஒரு டேப் மூடற வரைக்கும் போதும்னா செஷன் ஸ்டோரேஜ். லாகின் டோக்கனை மட்டும் ரெண்டுலயும் வெக்காதீங்க, பக்கத்துல நுழையற எந்த ஸ்கிரிப்டும் படிச்சிடும். அதுக்கு 1994-ல நெட்ஸ்கேப்ல லூ மொண்டுலி கண்டுபிடிச்ச குக்கியே இன்னிக்கும் சரி, ஹெச்டிடிபி-ஒன்லி போட்டு. சுமார் 4 கேபிதான், ஒவ்வொரு கோரிக்கையோடயும் கூடவே போகும், அதனால மூட்டை கட்டாதீங்க.

மனுஷன் உக்காந்து தட்டின விஷயம்னா கதையே வேற. லோக்கல் ஸ்டோரேஜ்ல சுமார் 5 எம்பி, வெறும் சரம் மட்டும். எழுதி முடிக்கற வரை பக்கம் அப்படியே நிக்கும். எல்லாக் குறிப்பையும் ஒரே ஜேசனா வெச்சு ரெண்டு டேப்ல திறந்தீங்கன்னா, கடைசியா சேமிச்சது முன்னதை முழுங்கிடும், சத்தமே இல்லாம. இண்டெக்ஸ்டு டிபில ஒவ்வொரு குறிப்பும் தனிப் பதிவு, பரிவர்த்தனை உண்டு, படத்தையும் அப்படியே போடலாம். அதோட ஏபிஐ எழுதினவரைக் கையெடுத்துக் கும்பிடணும், அவ்ளோ கொடுமை. (எஸ்க்யூஎல் பிரியர்களே, வெப் எஸ்க்யூஎல்லை டபிள்யூ3சி 2010-லயே கைவிட்டாச்சு. எல்லாரும் எஸ்க்யூலைட்டையே உள்ள வெச்சிருந்தாங்க, வேற யாரும் தனியா செஞ்சு காட்டலை.)

ஆனா இண்டெக்ஸ்டு டிபியும் பெட்டகம் இல்லீங்க. நான் துடைச்ச துடைப்புல அதுவும் போயிருக்கும். வட்டுல இடம் குறைஞ்சா உலாவியே தூக்கிடலாம். சஃபாரி 2020-ல கொண்டு வந்த விதிப்படி, 7 நாள் உலாவியைப் பயன்படுத்தியும் அந்தத் தளத்தைத் தொடலைன்னா ஸ்கிரிப்ட் எழுதின தரவு காலி. நிலையா வெச்சுக்கோன்னு பெர்சிஸ்ட் கேட்டுப் பாக்கலாம், உலாவி ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டாலும் என்னை மாதிரி ஆள் துடைச்சா போனதுதான்.

அதனால இப்போ இண்டெக்ஸ்டு டிபி, கூடவே கோப்பா இறக்கிக்க ஒரு பட்டன். அந்தக் கோப்பு என் மின்னஞ்சலுக்கும் வருது. சேமி பட்டன்ல "இந்தப் போன்ல மட்டும்"னு எழுதிட்டேன். அம்மா அதைப் படிச்சிட்டு, முதல்ல நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் தட்டறாங்க.

டிஸ்கி: வத்தக்குழம்பு குறிப்பு இன்னும் திரும்பக் கிடைக்கலை. கேக்கப் பயமா இருக்கு.