ஊட்டிக்குப் போகாத பிள்ளைகளின் ஊட்டிப் பயணம்

'விடுமுறையில் நீ சென்ற பயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதுக.' எங்கள் காலனி மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தேன். பதினான்கு பேரும் ஊட்டிக்குப் போயிருந்தார்கள். ஒரே ஏரி, ஒரே படகு, ஒரே வாக்கியத்தில் மகிழ்ச்சி. கைடில் இருக்கும் பத்தி அது. ஊட்டியைப் பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

"நெசமா எங்கடா போன?" என்று ஒருவனைக் கேட்டேன். அப்பா அம்மாவோடு லாரியில் செங்கல் சூளைக்கு என்றான். மூட்டைகள் மேல் படுத்து இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்ததையும், நடுச்சாமத்தில் சாலையோரக் கடையில் பரோட்டா தின்றதையும் சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தினான். "இதையெல்லாம் இங்கிலீஷ்ல எழுதலாமாண்ணா?"

தோழர்களே, இது இலக்கணப் பயம் மட்டுமல்ல. ஆங்கிலத்துக்குள் தன் வாழ்க்கையைச் செருப்போடு கூட்டிவரலாமா என்று கேட்கிறான்.

அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' தொடங்குவதும் ஒரு விடுமுறைப் பயணத்தில்தான். 1901ஆம் ஆண்டு, கோரேகானில் வேலை பார்த்த அப்பாவிடம் போகச் சத்தாராவிலிருந்து சிறுவர்கள் ரயிலேறுகிறார்கள். புதுச் சட்டை, புதுத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என்று அந்தக் குதூகலத்தை அவர் விடாமல் எழுதுகிறார். மசூர் நிலையத்தில் மஹர் என்று தெரிந்ததும் அதிகாரியின் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி கொடுத்தும் தீட்டுக்கு அஞ்சி வண்டிக்காரன் ஓட்ட மறுக்கிறான். பிள்ளைகளே மாட்டை ஓட்டுகிறார்கள். இரவில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. படிக்கும்போது என் தொண்டையை அடைப்பது அந்தப் புதுச் சட்டைதான்.

1855இல் புலே தம்பதியரின் பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சமூகத்துச் சிறுமி, மாங், மஹர் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். அவளுக்கு யாரும் கைடு கொடுக்கவில்லை.

இன்று வசதியான தனியார் பள்ளிகளில் கதை, நாடகம், விவாதம். நம் பிள்ளைகளுக்கு 'மெல்லக் கற்போர்' பட்டியலும் மனப்பாடமும். யார் படைப்பது, யார் படியெடுப்பது என்று இங்கேயும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். (மனனம்தான் கல்வி என்பது யாருடைய மரபு என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.) 35 மதிப்பெண்ணைத் தாண்டவைக்கச் சொல்லி நெருக்கப்படும் ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு பாடவேளை போதும். முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும், சொல் வராத இடத்தில் தமிழையே போடட்டும். சிவப்புப் பேனா பையிலேயே இருக்கட்டும். எழுதியதை எழுந்து நின்று வாசிக்கட்டும்.

அப்படி ஒரு நாள் ஒருத்தி, 'என் அத்தை மீனைத் திட்டுகிறாள்' என்று ஆங்கிலத்தில் வாசித்தாள். மீன் விலையைத்தான் சொல்லவந்தாள். வகுப்பே உருண்டு சிரித்தது, அவளும் சேர்ந்து. அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை.

ஒன்றில் கவனம் வேண்டும். நம் பிள்ளைகளிடம் காயத்தை மட்டும் எழுதிக் கேட்பதும் இன்னொரு கைடுதான். சூளைக்குப் போனவனுக்கு நட்சத்திரத்தைப் பற்றி எழுதத் தோன்றினால் அதையே எழுதட்டும்.

"பரீட்சையில எதைண்ணா எழுதட்டும்?" என்றான் அவன். பதில் சொல்லத் தடுமாறினேன். கடைசியில், லாரியைத்தான் எழுதப்போகிறேன் என்று அவனே முடிவு செய்துவிட்டான். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். அரையாண்டுத் தாள் திருத்தும் ஆசிரியத் தோழர்களே, அந்தப் பத்தியைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.