தோகை போனால் எவ்வளவு போகும்?

பொம்மசந்திரா என்றால் தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவும் அங்கேதான் போய் நிற்கிறது. ஆனேக்கல் பக்கம் நகர்ந்தால் ராகி உண்டு, மக்காச்சோளம் உண்டு, மாடும் உண்டு. மாடு இருக்கும் வீட்டில் மக்காச்சோளத் தோகை தப்புவது கடினம். நாலு தோகை ஒடித்தால் கதிருக்கு என்ன வந்துவிடும் என்பார்கள். எத்தனை தோகை என்பதைவிட, எப்போது, எந்தத் தோகை என்பதுதான் கணக்கு.

அமெரிக்காவில் ஆலங்கட்டி மழைக்குப் பயிர்க் காப்பீடு தருபவர்கள் இதற்கு அட்டவணையே வைத்திருக்கிறார்கள். (பணம் கொடுக்க வேண்டியவர்கள் போட்ட கணக்கு, தாராளமாக இருக்காது.) ஏழு இலைப் பருவத்தில் அத்தனை இலையும் கிழிந்தாலும் மகசூலில் குறைவது சுமார் 9 சதவீதம். ஆண் பூ வெளிவரும்போது பாதி இலை போனாலே 31 சதவீதம் நஷ்டம்; முழுவதும் போனால் வெறும் தட்டைதான் மிச்சம். பால் பிடிக்கும்போது மொட்டையானால் 59 சதவீதம். மணியின் அடியில் கறுப்புப் படலம் விழுந்துவிட்டால் பயமில்லை.

காரணம் எளிது. ஏறக்குறைய ஆறு இலை விடும்வரை வளரும் நுனி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே போனது போக, உள்ளே இன்னும் இலைகள் வரிசையில் நிற்கின்றன. பூ வந்தபின் புது இலை கிடையாது. கதிரை ஒட்டிய தோகையும் அதற்கு மேலுள்ளவையும்தான் மணிக்குச் சோறு போடுகின்றன. அவற்றை இழந்த செடி தண்டில் சேர்த்த சர்க்கரையை எடுத்துக் கதிருக்குக் கொடுக்கும். தண்டு பலமிழந்து, காற்றடித்தால் சாயும்.

2018இல் கர்நாடகத்தில் இந்தியாவுக்கு அறிமுகமாகி, அதே ஆண்டு பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளைக் கலங்கடித்த அமெரிக்கப் படைப்புழுவுக்கு இந்த அட்டவணை முழுதாகப் பொருந்தாது. இளம்பயிரில் இலை சல்லடையானது மட்டும் என்றால் செடி தேறிவிடும். ஆனால் புழு குடியிருப்பது குருத்துக்குள். வளரும் நுனியைத் தின்றுவிட்டால் செடி போச்சு. பிந்தி வந்தால் கதிருக்குள்ளேயே நுழைகிறது. ஓட்டையை எண்ணுவதைவிடக் குருத்தைப் பிரித்துப் பார்ப்பது உத்தமம்.

மாட்டுக்குத்தான் தோகை வேண்டுமென்றால், மணி முற்றத் தொடங்கியபின் கதிருக்குக் கீழே இருப்பதை ஒடிக்கலாம், சேதம் குறைவு. மேலே உள்ளதைத் தொட கதிரின் உறை காயும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் தோகையும் காய்ந்திருக்கும், மாடு முகம் சுளிக்கும். பச்சைத் தீவனம் தேவைப்படுபவர்கள் ஓரமாக இரண்டு குண்டேயில் 'ஆப்பிரிக்கன் டால்' ரகத்தை நெருக்கமாக விதைத்துப் பால் பருவத்துக்குள் அறுத்துக்கொள்ளலாம்.