பதினெட்டாயிரம் படுக்கைகளும் பதினாறு வயதுப் பிள்ளையும்

பெங்களூர் நெடுஞ்சாலையிலே செல்வோர் இருங்காட்டுக்கோட்டையைக் கண்டிருப்பர். திருப்பெரும்புதூரிலே தெற்கே திரும்பி ஒரகடம் வரை சென்றோர், வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் ஆலைகளைக் கண்டு வியந்திருப்பர். வியப்பதற்குரியதுதான்! ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைத்த வட்டாரம் இது. 1998 இல் ஹூண்டாய் இங்கே கார் செய்யத் தொடங்கிற்று. 2010 இல் ரெனால்ட்–நிசான் வந்தது. 2012 இல் டெய்ம்லர் சரக்கு வண்டிகள் வந்தன. சுங்குவார்சத்திரத்திலே சாம்சங், பாக்ஸ்கான். உலகத்தார் கையிலே வைத்துப் பேசும் தொலைபேசியை நம் வீட்டுப் பெண்கள் கோத்துத் தருகிறார்கள். ஒரகடத்திலே மத்திய அரசு அமைத்த ஆய்வகம் ஒன்று உண்டு. காரைச் சுவரிலே மோதவிட்டு, உள்ளே அமர்த்திய பொம்மைக்கு எங்கெங்கே எவ்வளவு அடிபடுகிறது என்று நுணுக்கமாக அளக்கும் இடம் அது!

பொம்மைக்கு அடிபட்டால் அளக்கக் கருவி இருக்கிறது. அந்த மதிலுக்கு வெளியே, லாரிகள் நிற்கும் ஓரத்திலே, கந்தல் துணியில் பஞ்சர் பசையை ஊற்றி முகர்ந்து கிடக்கிறானே பதினைந்து வயதுப் பிள்ளை, அவனுக்கு எங்கே அடிபட்டிருக்கிறது என்று அளப்பார் உண்டா?

இப்படிக் கேட்டால் சிலருக்குச் சீற்றம் பிறக்கிறது. “தொழில் வளர்ச்சியைப் பழிக்கிறீரா?” என்று பாய்கின்றனர். பழிக்கவில்லை, நண்பர்களே! வளர்ச்சியை வரவேற்பவர்கள்தாம் நாம். வளர்ந்த வீட்டிலே பிள்ளைக்கு ஒரு மூலை உண்டா என்று கேட்கிறோம்; அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டு 17 அன்று, வல்லம் வடகாலிலே, சிப்காட் வளாகத்தில், 706 கோடியே 50 இலட்சம் ரூபாய் செலவிலே, பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. படுக்கைகள் 18,720. நல்ல காரியம். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 2021 டிசம்பரிலே, விடுதிச் சோற்றை உண்டு நோயுற்ற பெண்கள் நெடுஞ்சாலையிலே அமர்ந்து நீதி கேட்டார்கள் என்பதை மறவாதார் எவரும் அந்தக் கட்டடத்தைக் குறை கூறார். ஆனால், பதினெட்டாயிரத்து எழுநூற்று இருபது என்று ஒன்று குறையாமல் எண்ணத் தெரிந்த அரசிடம் ஒரு கேள்வி. போதைக்கு ஆட்பட்ட, 18 வயது நிரம்பாத பிள்ளை, தங்கி, மருந்துண்டு, பாடம் படித்து, மனந்தேறி வீடு திரும்புவதற்கென்றே காஞ்சிபுரம் மாவட்டத்திலே ஒதுக்கப்பட்ட அரசுப் படுக்கைகள் எத்தனை? எண்ணைச் சொல்லட்டும். சட்டமன்றத்திலே எழுந்து நின்று சொல்லட்டும்!

மிகைப்படுத்துகிறோம் என்பர். கணக்கு நம்முடையதல்ல, மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்து 2019 இல் வெளியிட்ட கணக்கு. பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களிடையே 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடையே 1.17 விழுக்காடு. பெரியவர்களைப் பிள்ளைகள் மிஞ்சி நிற்கும் போதை இது ஒன்றுதான் என்கிறது அந்த அறிக்கை. இதனால் கேடுற்று உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் நாடு முழுவதும் 4 இலட்சத்து 60 ஆயிரம். அந்தக் கணக்கும் தானாகப் பிறந்துவிடவில்லை. ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ தொடுத்த வழக்கிலே, 2016 டிசம்பர் 14 அன்று, ஆறு மாதத்தில் கணக்கெடு என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு மாதம் இரண்டாண்டைத் தாண்டியது!

பசையை முகர்வது எளிய போதை என்று எண்ணிவிடாதீர்கள். அதிலுள்ள டொலுவீன் மூளையைத் தின்னும். சில வேளைகளில் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்து அந்த இடத்திலேயே உயிரைப் பறிக்கும். அதை மறக்கச் செய்யும் மாற்று மருந்து இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடும் மருத்துவம் இதற்கு உதவாது. பேச வேண்டும், பழக வேண்டும், உடனிருக்க வேண்டும். எழுத்தை அழிக்கும் வெண்மைத் திரவம் புட்டியிலே விற்கப்படுவதை 2012 இல் தடை செய்தார்கள். புட்டி போயிற்று, பசையும் தின்னரும் ஆலை வட்டாரத்திலே அன்றாடப் பண்டங்களாயிற்றே, அவற்றை யார் தடுப்பார்? போதாக்குறைக்கு, வலிக்கென்று தரும் மாத்திரையைக் கரைத்து நரம்பிலே ஏற்றிக்கொள்ளும் கொடுமை வேறு, சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் காவல்துறையின் வழக்கேடுகளிலே மீண்டும் மீண்டும் வருகிறது.

“பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை பெற்றோர்” என்று தீர்ப்புரைக்கின்றனர் சில பெரியோர். வளர்ப்பதற்கு நேரம் எங்கே, ஐயா? தந்தை இரவு ஷிப்ட், தாய் பகல் ஷிப்ட். ஒருவர் வீடு நுழையும்போது மற்றவர் நிறுவனப் பேருந்துக்காகச் சாலையிலே நிற்கிறார். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைக்கோ பள்ளியும் புரியாத மொழி, தெருவும் புரியாத மொழி. பசை விற்பவன் மட்டும் எல்லா மொழியும் அறிந்தவன்!

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று பழமொழி கூறிக் கைகழுவுவார் உண்டு. நாம் பேசுவது ஐந்தைப் பற்றியுமன்று, ஐம்பதைப் பற்றியுமன்று, பதினைந்தைப் பற்றி! முற்றிய மரமுமல்ல, முளையுமல்ல. பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்கள், இருபதைக் கடந்து தொடங்கியவர்களைவிட நான்கு மடங்கு மிகுதியாகக் குடிக்கு அடிமையாகின்றனர் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1997 இலேயே காட்டினார்கள். பதினைந்திலே செலவிட மறுக்கும் காசை முப்பத்தைந்திலே மருத்துவமனைக்கும் சிறைக்கும் வட்டியோடு கட்டுகிறது நாடு.

“மறுவாழ்வு மையங்கள்தாம் தெருவுக்குத் தெரு இருக்கின்றனவே” என்பது அடுத்த பதில். இருக்கின்றன! நல்லவையும் உண்டு. 1980 இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் அடையாற்றிலே தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை ஒழுக்கக் கேடு என்று இகழாமல் நோய் என்று கண்டு மருந்திட்ட இடம். ஆனால் மற்றொரு வகையும் உண்டு. 2022 மே மாதம், சென்னை இராயப்பேட்டையிலே, மறுவாழ்வு மையமொன்றில் சேர்க்கப்பட்டவர் பிணமாகத் திரும்பினார், உடலெங்கும் காயங்கள், கொலை வழக்கு. “அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்” என்பதையே மருத்துவ நூலாகக் கொண்ட இடங்கள் இவை. பூட்டிய கதவுக்குப் பின்னே என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டவில்லையா? 2001 ஆகஸ்டு 6 அன்று, கொட்டகையிலே தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த காரணத்தால் எழுந்தோட முடியாமல் 28 பேர் கருகினரே!

தனியார்தாம் கொடியர், அரசு இல்லம் என்றால் அன்பு பொங்கும் என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். ஒரகடத்திலிருந்து நெடுந்தொலைவிலா இருக்கிறது செங்கல்பட்டு? அங்கே, சிறுவர்களுக்கான அரசு இல்லத்திலே, 2022 டிசம்பர் கடைசி நாளன்று, 17 வயதுப் பிள்ளை ஒருவன் மாண்டான். அடித்துக் கொன்றனர் என்று இல்லத்து ஊழியர்கள் ஆறு பேரே கைதாயினர். திருட்டுக் குற்றச்சாட்டுக்காகக் கொண்டுவரப்பட்டவன் அவன். நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2023 இல் அறிக்கையும் தந்தார் அவர். அந்த அறிக்கையை அருகிலே வைத்துக்கொண்டுதான் புதிய இல்லத்துக்கு வரைபடம் போட வேண்டும்.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய கறையன்று இது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1976 இல் ‘ஸ்ட்ரெய்ட்’ என்றொரு நிறுவனம் பிள்ளைகளைப் போதையினின்றும் மீட்பதாகச் சொல்லிப் புறப்பட்டது. 1985 இல் குடியரசுத் தலைவர் ரீகனின் துணைவியார், இளவரசி டயானாவையே அழைத்துச் சென்று காட்டிப் பெருமிதம் கொண்டார். உள்ளேயோ உறக்க மறுப்பு, அவமதிப்பு, அழுத்திப் பிடித்து அடக்குதல்! வழக்குமேல் வழக்கு வந்து 1993 இல் மூடப்பட்டது. பிள்ளைகள் தங்கும் இத்தகைய இடங்களில் நடக்கும் கொடுமையைத் தடுக்க அங்கே கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது எப்போது தெரியுமா? 2024 டிசம்பரிலே!

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். போதையால் வரும் மனநோயும் அதற்குள் அடக்கம். சங்கிலியிடக் கூடாது என்கிறது. 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது என்கிறது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவி என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது, அதைத்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை தங்கியிருக்கும் நாள் முழுவதும், தாயோ தந்தையோ அல்லது அவர்களால் அமர்த்தப்பட்ட ஒருவரோ, உடன் தங்க வேண்டும்!

எவ்வளவு நல்ல விதி! எவ்வளவு எட்டாத விதி! ஒப்பந்தத் தொழிலாளியான தாய், மகனருகே ஒரு திங்கள் அமர்ந்திருப்பது எப்படி? நாலு நாள் வராவிட்டால் ஐந்தாம் நாள் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். மகனுக்கு மருத்துவம் கிடைக்கும், உண்மை. ஆனால் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை தருகிறார்களே, அந்த நோய்க்காலப் பணம் தொழிலாளி தானே நோயுற்றால்தான்! மகன் படுத்தால் தாய்க்குக் காசு கிடையாது. ஆகவே தாய் என்ன செய்வாள்? வேலையை விட முடியாமல், மகனை விட மனமில்லாமல், “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வரவே வேண்டாம்” என்று இனிக்க இனிக்கப் பேசும் பூட்டிய வீட்டுக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போவாள். சங்கிலி வீடுகள் தழைப்பது தாயின் கல்மனத்தால் அன்று. கூலி அட்டையிலே விடுப்புக்கு இடமில்லாததால்!

எனவே முதற் கோரிக்கை கட்டடமன்று. பிள்ளையோடு தங்கும் பெற்றோருக்கு ஊதியத்தோடு விடுப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு என்ற உறுதி. ஆலை முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடு, தொழில் நடக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முதலிடம் கொடு என்று சொல்வதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். ஓட்டைப் பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசிப் பலகை மாட்டிப் படமெடுத்துக்கொள்வது மட்டுமா சமூகப் பணி?

பிறகு இல்லம். 2025 பிப்ரவரியில் 25 இடங்களில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கினார்கள், அதற்கு நன்றி. எனினும் மருத்துவமனை வார்டு வேறு, பிள்ளைகள் வாழும் இல்லம் வேறு. நஞ்சை உடலிலிருந்து இறக்கச் சில நாட்கள் போதும். அந்தச் சில நாட்களுக்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. விட்ட பாடத்தைத் தொடர ஆசிரியர் வேண்டும். பந்தாட மண் வேண்டும். வீட்டிலே குடிக்கும் தந்தையையும் அமர்த்திப் பேச மனநல ஆலோசகர் வேண்டும். ஒரியாவும் இந்தியும் பேசத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனியிடம் வேண்டும். அவர்களைப் பற்றிப் பேசவே இந்நாடு கூசுகிறது. வெளியேறிய பின் ஓராண்டுக்கேனும் வீடு தேடிச் சென்று விசாரிக்க ஆள் வேண்டும். இல்லையேல் பழைய தெரு பழைய நண்பனோடு காத்திருக்கும். எல்லாப் பிள்ளையையும் உள்ளே அடை என்று நாம் கேட்கவில்லை. பெரும்பாலோருக்குப் பள்ளியிலும் அரசு மருத்துவமனையிலும் பேசியே தீர்க்கலாம். தங்க வேண்டியவர் சிலரே. அந்தச் சிலருக்காகத்தான் ஐம்பது படுக்கை கேட்கிறோம். 18,720 கட்டியவர்களுக்கு ஐம்பது பெரிதா?

முடியாத காரியமுமன்று. டில்லியில் கிங்ஸ்வே முகாமிலே, சேவா குடீர் வளாகத்தில், சிறார்களுக்கென்றே தனியே போதை மீட்பு இல்லம் நடந்திருக்கிறது. 2015 ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், போதைக்கு ஆளான பிள்ளையை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்கிறது. பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுத்தவனுக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. அனுப்பலாம், சரி, எங்கே அனுப்புவது? 2003 முதல் மதுக்கடையைத் தானே நடத்தும் அரசு, எந்தக் கட்சி அமர்ந்தாலும், கடை திறக்க இடமில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லம் திறக்க மட்டும் நிலம் கிடைக்காதோ?

ஆளுக்குப் பஞ்சம் என்றும் சொல்லக் கூடாது. 1993 இல் தோன்றி, 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் எங்கே இருக்கிறது? இதே திருப்பெரும்புதூரிலே! சமூகப் பணி கற்பிக்கிறார்கள், பட்டம் வழங்குகிறார்கள். மேம்படுத்த வேண்டிய இளைஞன் வாயிலுக்கு வெளியே சாலையோரத்திலே கிடக்கிறான்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். ஒரகடத்திலும் வல்லத்திலும் மாத்தூரிலும், ஆலை நிழல் விழும் ஒவ்வோர் ஊராட்சியிலும், தோழர்கள் எழுந்து இரண்டு தீர்மானங்களை எழுத்திலே கேட்க வேண்டும். சிப்காட் நிலத்தில் பிள்ளைகளுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் என்பது ஒன்று. உடன் தங்கும் பெற்றோருக்கு ஊதிய விடுப்பு என்பது மற்றொன்று. “மேலிடத்துக்கு அனுப்புகிறோம்” என்பார்கள். அனுப்பும் கடிதத்தின் நகலையும், அதில் இட்ட எண்ணையும் நாளையும், கையோடு கேட்டு வாங்கி வாருங்கள்.