இலாசரைக் காணாத சுற்றுலா

கோரிமேட்டிலிருந்து துபாய் செல்வோருள் கடன்பட்டுக் கட்டட வேலைக்குச் செல்வோரும் உளர். விருந்துண்ணவும் பொருள் வாங்கவும் செல்வோரும் உளர். 2010-இல் திறக்கப்பெற்ற, 828 மீட்டர் உயர்ந்த புர்ஜ் கலிஃபாவை வியந்து திரும்புவோரிடம் நாம் கேட்கிறோம்: அதனைக் கட்டிய கைகளைக் கண்டீர்களா? சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 தொடங்கி 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கலாகாதென அந்நாட்டரசே விதித்துள்ளது. அவ்வெயிலின் கொடுமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

‘எம் பணம், எம் பயணம்’ என்பர் சிலர். பயணம் பாவமன்று. நற்செய்தியின் செல்வர் விருந்துண்டதற்காகத் தண்டனை பெறவில்லை. வாயிலில் கிடந்த இலாசரைப் பொருட்படுத்தாமையாலேயே பெற்றார். துபாய்ப் புனித மரியன்னை ஆலயத் திருப்பலிக்கு நம் தொழிலாளரும் வருகின்றனர். கடைத்தெருவுக்கு முன் அங்கே செல்க, அவர்களோடு அமர்க, அவர்தம் இல்லங்களுக்குச் செய்தி கொணர்க. பொன்னைவிட அதுவே மேலான பரிசு.